வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில்

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்து மதிய வேளையொன்றில் வன்னியிலுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குச் சென்றிருந்தோம். வீதியோரமாகப் புதிய வீடுகள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருந்தன. ஒரு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டோம். கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஆளில்லை. வீட்டின் பின்புறமிருந்து பதில் வந்தது. சென்று பார்த்தோம். கிடுகால் வேய்ந்த சிறு கொட்டில், மெழுகிய மண் திண்ணை. அங்கே ஒரு தாய் உலை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வயது முதிர்ந்த ஒருவர் பாயில் படுத்திருந்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்களும் அங்கேதான் இருந்தன.

"ஏனம்மா, புது வீடு இருக்க இதுக்குள்ளை இருக்கிறியள்?" என்று கேட்டோம்.

"அது இரவுக்குச் சுவாமி. பகலிலை உள்ளுக்கை இருக்கேலாது, அவிஞ்சு போவம். அடுப்பு மூட்டினால் புகை முழுக்க அறைக்குள்ளை. வீடு தந்தவையைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அடுப்பு எங்கை வேணுமெண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

இக்கடைசி வாக்கியம் எம்மை விட்டு அகல மறுக்கின்றது. ஏனெனில் வீடமைப்பைப் பற்றி நாம் படித்த நூல்கள், இருந்த கருத்தரங்குகள், எழுதிய அறிக்கைகள் யாவும் சுற்றி வளைத்துச் சொல்ல முயன்றதை அத்தாய் ஒரு வரியில் சொல்லிவிட்டார். கேட்காமல் கட்டிக் கொடுக்கப்படும் வீடு ஒரு கட்டடம் மாத்திரமே. கேட்டுக் கட்டப்படும்போதுதான் அது வீடாகின்றது.

கேட்டுக் கட்டிய கட்டடக் கலைஞர்

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதிய தத்துவம் அன்று. எமது நாட்டிலேயே எழுபது ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்துகாட்டிய ஒருவர் இருந்தார். அவர் ஒரு பெண். பெயர் மினெற் டி சில்வா. 1918 இல் கண்டியில் பிறந்து, பம்பாயிலும் இலண்டனிலும் கட்டடக்கலை பயின்று, 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் என்ற பெருமையைப் பெற்றவர். ஐரோப்பாவின் புதிய கட்டடக்கலையை அதன் பிதாமகர்களிடமே நேரிற் கண்டறிந்தவர். விரும்பியிருந்தால் இலண்டனிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் கண்டிக்குத் திரும்பினார். தமது முதற் கட்டடமான கருணாரத்ன வீட்டில் கொங்கிறீற்றையும் கண்ணாடியையும் பயன்படுத்திய அதே கையால், தும்பறைப் பாய் பின்னுவோரையும் உள்ளூர்க் கைவினைஞரையும் அழைத்து அவர்களது வேலைப்பாட்டையும் வீட்டுக்குள் சேர்த்தார். புதுமையும் வேண்டும், அது இந்த மண்ணின் காலநிலைக்கும் பழக்கவழக்கத்துக்கும் ஏற்றதாகவும் இருக்கவேண்டும் என்பது அவரது வாதம்.

எமது கவனத்துக்குரியது அவரது இன்னொரு பணியாகும். 1950 களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்கென ஏறத்தாழ 250 வீடுகளைக் கொண்ட ஒரு திட்டம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குடியேற இருந்தவர்கள் பல இனத்தவர், பல வருமான நிலையினர். மலைச்சரிவான காணி. அவர் என்ன செய்தார்? வரைபடத்தை விரிப்பதற்கு முன் வினாக்கொத்தொன்றைத் தயாரித்தார். குடும்பத்தில் எத்தனை பேர், அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள், என்ன தேவை, எவ்வளவு செலவு செய்ய இயலும் என்று குடியேறப் போகிறவர்களிடமே கேட்டறிந்தார். கிடைத்த பதில்களைக் கொண்டே சில அடிப்படை வீட்டு மாதிரிகளை அமைத்தார். அவற்றையும் ஒவ்வொரு குடும்பத்தின் தேவைக்கும் நிலத்தின் சரிவுக்கும் ஏற்ப மாற்ற இடம் வைத்தார்.

இன்று "பங்கேற்பு" என்ற சொல் இல்லாத திட்ட அறிக்கையை எந்த நிதி நிறுவனமும் ஏற்றுக்கொள்வதில்லை. அச்சொல் எம் காதில் விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இப்பெண் அதைச் செய்துவிட்டார். அவர் 1998 இல் காலமானார். அவர் கட்டிய வீடுகள் பல இன்று இல்லை. வட்டபுளுவையின் பெயரைக் கேள்விப்படாமலே எமது வீடமைப்பு உத்தியோகத்தர்கள் ஓய்வு பெற்றுச் செல்கிறார்கள்.

திண்ணை எங்கே போயிற்று?

அந்தத் தாயின் கொட்டிலை மீண்டும் ஒருமுறை பார்ப்போம். வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் அதைக் கண்டால் தமது குறிப்பேட்டில் "தற்காலிகக் கொட்டில், அகற்றப்பட வேண்டியது" என்று எழுதக்கூடும். ஆனால் எமது பாட்டன் பாட்டி காலத்து வளவை நினைவிற் கொண்டு பார்த்தால், அது வேறொன்றாகத் தெரியும்.

வடபுலத்தின் பழைய சாதாரணக் குடிமனை ஒரே கூரையின் கீழ் அடக்கப்பட்ட பெட்டியாக இருக்கவில்லை. படுக்கவும் பொருள் வைக்கவும் ஓர் அறைவீடு. வந்தவரை இருத்தத் தலைவாசல் அல்லது மால். புகையும் தீயும் மற்றவற்றைத் தொடாதபடி விலகி நிற்கும் அடுக்களை. இவற்றுக்கு நடுவே முற்றம். ஒரு பக்கம் கிணற்றடி. சுற்றிலும் கிடுகு வேலி. வசதி படைத்தவர்கள் இதையே ஓட்டுக் கூரையின் கீழ் இணைத்து நாற்சார் வீடாக்கினார்கள். நாளின் பெரும்பகுதி கூரைக்கு உள்ளே அன்றி, திண்ணையிலும் தாழ்வாரத்திலும் முற்றத்து மரநிழலிலுமே கழிந்தது. சோளகமும் வாடையும் எந்தப் பக்கமிருந்து வீசும் என்பதை அறிந்தே வாசலும் அடுக்களையும் வைக்கப்பட்டன.

ஆகவே அத்தாய் கட்டிய கொட்டில் அவரது ஏழ்மையின் அடையாளம் மட்டுமன்று. திட்டம் மறந்துபோன அடுக்களையையும் திண்ணையையும் அவர் தம் கையால் உரிய இடத்தில் மீண்டும் வைத்துக்கொண்டார். படித்த எம்மிலும் பார்க்க அவருக்கு வடிவமைப்பு நன்கு தெரிந்திருக்கின்றது.

இதில் வேடிக்கை யாதெனில், இத்திண்ணையும் முற்றமும் நாட்டைவிட்டு ஓடிவிடவில்லை என்பதே. அவை இடம் மாறிவிட்டன. ஜெப்ரி பாவா (1919–2003) என்னும் பெருங் கட்டடக் கலைஞர், ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், நடுமுற்றம் ஆகிய பழைய கூறுகளை எடுத்து நவீன வாழ்வுக்கு ஏற்றபடி மீண்டும் அமைத்துக் காட்டினார். 2001 இல் அவருக்கு ஆகாகான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது கிடைத்தது. அவரது கலையைக் குறை கூற எமக்குக் காரணம் இல்லை. 1960 களில் ஹங்வெல்லையில் கன்னியர்கள் நடத்திய பண்ணையொன்றுக்கு உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு எளிய கட்டடங்களை அமைத்துக் கொடுத்தவரும் அவரே. ஆனால் நாட்டில் அவரைப் பின்பற்றியோர் பெரும்பாலும் உல்லாச விடுதிகளுக்கும் செல்வந்தர் இல்லங்களுக்குமே அப்பாணியை எடுத்துச் சென்றார்கள். இன்று மண்பூச்சுச் சுவரும் ஓலைக்கூரையும் திறந்த திண்ணையும் வேண்டுமெனில் உல்லாசப் பயணி ஓர் இரவுக்குப் பல ஆயிரம் ரூபா கொடுக்க வேண்டும். அதே சுவரையும் கூரையையும் விட்டு வெளியேறினால்தான் ஏழை முன்னேறியவனாகக் கணிக்கப்படுகிறான். காற்றோட்டமுள்ள வீடு பணக்காரருக்கு. வேகும் சீமெந்துப் பெட்டி ஏழைக்கு. இதுதான் எமது காலத்து வடிவமைப்புப் பண்பாடு என்றால், அதைப் பற்றிப் பேசக் கட்டடக் கலைஞர்களுக்கு மட்டுமன்றி எமக்கும் உரிமையுண்டு.

கேட்ட திட்டங்களும் கேளாத திட்டங்களும்

அரசாங்கம் ஒருபோதும் கேட்டதில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1978 இல் தொடங்கிய இலட்சம் வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் அரசே மாதிரியை வகுத்தது. அதன் செலவையும் குறைகளையும் கண்ட பின், 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வேறு வழியிற் சென்றது. அரசின் தலையீடு குறைவாகவும் மக்களின் பங்கு கூடுதலாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. சிறு கடன் கொடுத்து, என்ன கட்டுவது, எப்படிக் கட்டுவது என்ற முடிவை மக்களிடமே விடுவது அதன் முறை. உலகின் பல நாடுகள் இதைக் கற்க வந்தன. ஆனால் அவ்வேளையில் வடக்குக் கிழக்கில் போர் மூண்டிருந்தது. தெற்கின் கிராமங்கள் வீடு கட்டக் கற்ற ஆண்டுகளில் எமது மக்கள் வீட்டை விட்டு ஓடக் கற்றார்கள்.

பின்னர் 2004 மார்கழியில் ஆழிப்பேரலை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கரையோரத்தில் வீடு கட்டத் தடை விதிக்கப்பட்டது, பின் தளர்த்தப்பட்டது. கரைவலை இழுப்பவனைக் கடலிலிருந்து விலக்கிக் குடியேற்ற வேண்டி வந்தபோது, வீட்டின் இடம் தொழிலின் இடத்தோடு பிணைந்தது என்பதைப் பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள். அக்காலத்தில் வந்து குவிந்த நிறுவனங்களுள் நாமும் அடக்கம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். கொடையாளரின் நாட்காட்டி எம்மை விரட்டியது. எங்கோ வரையப்பட்ட படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அத்திவாரம் வெட்டினோம். குசினியை அறைக்குப் பக்கத்தில் வைத்தோம்; விறகடுப்பின் புகையை நினைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு மாலையும் நாடாவும் வாங்க நேரம் இருந்தது. பெண்களோடு உட்கார்ந்து ஒரு பிற்பகல் பேச நேரம் இருக்கவில்லை.

2009 இன் பின் நிலைமை ஓரளவு மாறியது. இந்திய உதவியுடனான 50,000 வீட்டுத் திட்டத்தில், 2012 தொடக்கம் வடக்குக் கிழக்கில் கட்டப்பட்ட பெரும்பாலான வீடுகள் உரிமையாளரே நின்று கட்டுவிக்கும் முறையில் அமைந்தன. ஏறத்தாழ 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே சென்றது. மேசனைத் தெரிவதும் மண்ணும் கல்லும் விலைபேசுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. விதவைகளான பெண்கள் பலர் சீமெந்து வாளியைத் தூக்கியது மட்டுமன்றி மேசனோடு கணக்கும் பேசினார்கள். அவர்கள் பெற்ற அந்தத் தன்னம்பிக்கை, பெற்ற வீட்டிலும் பெரியது என்பது எமது எண்ணம்.

ஆயினும் குறை இருந்தது. கொடுத்த பணத்தில் வீடு முடியவில்லை. எல்லோரும் ஒரே வேளையில் கட்டத் தொடங்கியதால் மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. அயல்வீட்டைப் பார்த்து அத்திவாரத்தை அகட்டியவர்களும் உண்டு. நகைகள் அடைவுக்குப் போயின. நாலைந்து இடத்துச் சிறுகடன் வாசலுக்கு வந்தது. கட்டி முடித்த வீட்டைக் காப்பாற்ற வீட்டுக்காரர் மத்திய கிழக்குக்குப் போன கதைகளையும் அறிவோம். வீட்டைக் கட்டிப்பார் என்று எம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

இப்படிக் கற்ற பாடமும் நிலைக்கவில்லை. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வடக்குக் கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதே பணத்தில் இரண்டு கல்வீடுகள் கட்டலாம் என்று பொறியியலாளர்களும் சமூக அமைப்புகளும் கணக்குக் காட்டினர். வெப்பம், திருத்துவதற்கு உள்ளூரில் ஆளின்மை, பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்ட இயலாமை, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை இல்லாமற் போதல் எனப் பல காரணங்கள் எடுத்துக் கூறப்பட்டன. பலத்த எதிர்ப்பினால் அது நினைத்தபடி நிறைவேறவில்லை. 65,000 குடும்பங்களுக்கு எது வீடு என்பதை அக்குடும்பங்களைக் கேட்காமலே முடிவு செய்ய முடியும் என்று எண்ணப்பட்டதுதான் எமக்குக் கவலையளிக்கின்றது.

அதன் பின் 2018, 2019 இல் அரச உதவியோடு அத்திவாரம் இட்ட பல குடும்பங்கள், 2019 கார்த்திகையில் ஆட்சி மாறிய பின் மிகுதிப் பணம் கிடைக்காமல் கூரையற்ற சுவர்களோடு நின்றன. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்துப் பையின் விலை ஓராண்டுக்குள் இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியபோது அச்சுவர்களிற் புல் முளைத்தது.

மண்ணும் மானமும்

"அப்படியாயின் மண்வீட்டுக்கே திரும்பச் சொல்கிறீர்களா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

கேரளத்தில் வாழ்ந்து 2007 இல் மறைந்த லோறி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், ஐந்து மைல் சுற்றளவிற் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே நல்ல வீடு கட்டப்படவேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைத் தம் வழிகாட்டியாகக் கொண்டிருந்தார். செங்கல்லைப் படுக்கையாக வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் பரப்பினார். இதனாற் கல்லில் ஏறத்தாழக் காற்பங்கு மிச்சம். இடையிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திய மண்கல்லும் இன்று நன்கு பரீட்சிக்கப்பட்ட பொருள். சுடத் தேவையில்லை, ஆற்று மணலை அள்ளி ஆற்றைக் கொல்லவும் தேவையில்லை.

ஆனால் எமது மக்களுக்கு மண் என்றவுடன் முகம் வாடுகின்றது. இதை அறியாமை என்று நாம் இகழக்கூடாது. போர்க்காலத்தில் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. பத்துத் தடவை இடம்பெயர்ந்து, தரப்பாளின் கீழ் மழையில் நனைந்த குடும்பத்துக்குக் கல்வீடு என்பது சுவரும் கூரையும் மாத்திரம் அன்று. "இனி எம்மை எழுப்ப முடியாது" என்ற உறுதி அது. மகளுக்குக் கலியாணம் பேசுகையில் மதிப்பு. தவிரவும் மண்சுவரை ஆண்டுதோறும் மெழுகுவது பெண்ணின் முதுகில் விழும் வேலை. கறையானும் வெள்ளமும் உண்மை. 1978 கார்த்திகைச் சூறாவளியை மட்டக்களப்பார் மறக்கவில்லை. ஏசி அறையில் இருந்துகொண்டு ஏழைக்கு மண்ணின் மகிமையைப் போதிப்பதும் கேளாமற் கட்டுவதன் இன்னொரு வகையேயாகும்.

ஆகவே மண்ணா சீமெந்தா என்பதல்ல முதற் கேள்வி. இரண்டையும் அவற்றின் செலவு, வெப்பம், ஆயுள் ஆகியவற்றோடு மக்கள் முன் வைத்து, கண்ணால் கண்டும் கையால் தொட்டும் தெரிவுசெய்ய வழிசெய்கிறோமா என்பதே கேள்வி. மாதிரியாக முதலிற் கட்டப்படுவது ஏழையின் வீடாக இருக்கவேண்டியதில்லை. கிராமத்து வாசிகசாலையை, முன்பள்ளியை, ஏன், எமது பங்குமனையை அழுத்திய மண்கல்லால் கட்டிக் காட்டுவோம். நாம் வாழத் துணியாத சுவருக்குள் மற்றவரை வாழச் சொல்ல எமக்கு உரிமை கிடையாது.

செய்யக்கூடியவை

நடைமுறையிற் சிலவற்றை முன்வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, படம் வரைவதற்கு முன் கேட்டல். அடுப்பு எங்கே, விறகு எங்கே, முதியவர் எங்கே படுப்பார், வளர்ந்த பெண்பிள்ளை எங்கே படிப்பாள், வலையும் நெல்மூட்டையும் எங்கே, மலசலகூடத்துக்கு இரவில் எவ்வழியாற் செல்வது? இவற்றைப் பெண்களிடம் தனியாகவும் கேட்கவேண்டும். ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பது குறைவு.

இரண்டாவது, வளரக்கூடிய வீடு. கடன்பட்டுப் பெரிதாகத் தொடங்கி இடையில் நிற்பதிலும், உறுதியான அத்திவாரம், ஒன்றிரண்டு அறை, அகன்ற தாழ்வாரம் என்று சிறிதாகத் தொடங்கி, கையில் வந்தபோது கூட்டிக் கட்டுவது மேல். படத்திலேயே அதற்கு இடம் விடப்படவேண்டும்.

மூன்றாவது, நிழலும் காற்றும். எதிரெதிரே யன்னல், மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம், கூரைக்கு முடிந்தவரை ஓடு, அத்திவாரம் வெட்டும் நாளிலேயே ஒரு வேம்பு. இவற்றுள் ஓட்டைத் தவிர மற்றவற்றுக்குச் செலவு அதிகமில்லை.

நான்காவது, எமது மேசன்மாரும் தச்சர்மாரும். கிராமத்தில் உண்மையான கட்டடக் கலைஞர் இவர்களே. பல்கலைக்கழகத்திற் பயின்ற இளங் கட்டடக் கலைஞர்கள் ஆண்டில் ஒரு மாதமாவது ஒரு கிராமத்தில் தங்கி இவர்களோடு வேலை செய்தால், இரு சாராரும் கற்பார்கள்.

ஐந்தாவது, காணி. மலையகத் தோட்டங்களில் 10 அடிக்கு 12 அடி லயன் காம்பராவில் தலைமுறைகள் வாழ்ந்தது வடிவமைப்பின் குறையால் மட்டுமன்று. நிலம் தமதல்லாதவர் சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கவேண்டும். உறுதிப்பத்திரம் இல்லாத வீட்டை எந்தக் கலைஞராலும் அழகாக்க முடியாது.

2025 கார்த்திகை இறுதியில் வீசிய டித்வா சூறாவளியும் மண்சரிவுகளும் நாட்டிற் பல ஆயிரம் வீடுகளை அழித்தன. அழிந்தவற்றுக்கு ஈடாகப் புதியவை எழுப்பப்பட வேண்டும். அவசரம் நியாயமானதே, கூரையின்றி எவரையும் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும். கேட்காமற் கட்டிய வீட்டோடு ஒரு குடும்பம் நாற்பது ஆண்டு வாழவேண்டியிருக்கும்.

அந்த வன்னித் தாயை அண்மையில் மீண்டும் கண்டோம். மூத்த மகனின் உழைப்பில் வீட்டின் மேற்குப் பக்கமாக ஒரு பத்தி இறக்கியிருக்கிறார். பழைய ஓடு வாங்கி வேய்ந்து, அரைச்சுவர் எழுப்பி, ஓரத்தில் புகைபோக்கியோடு அடுப்பு. கொட்டிலைப் பிரித்துவிட்டார். "இப்பதான் சுவாமி, வீட்டுக்குள்ளை குடிபூந்தது," என்றார். பால் காய்ச்சி, நாடா வெட்டி, படம் பிடித்து ஏழு ஆண்டுகளாகின்றன. அந்த ஏழு ஆண்டுகளுக்கான கணக்கு எமது எந்த அறிக்கையிலும் இல்லை.